விரல் நுனியில் விழி பெற்றவர்

மன்ற மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் செயலாளர் என் அறைக்கு வந்து கேட்டபோது, நான் வேதியியல் முதுகலை மாணவன் ஆகையால் உரத்தைப் பற்றியோ உலோகத்தைப் பற்றியோ ஏதேனும் எழுதித் தருவேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். ஓர் ஓவியரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னேன். குடுவையும் குழாயும் பிடிக்கிற கைக்கும் தூரிகைக்கும் என்ன உறவு என்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார். உறவு உண்டு, நண்பர்களே. ஆனால் அது என் சொந்தக் கதை. பெரியவர் ஒருவரின் வரலாற்றைச் சொல்ல வந்த இடத்தில் சொந்தக் கதையை முன்னால் நிறுத்துவது முறையன்று. அதனை இறுதியில் சுருக்கமாகச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

நான் சொல்ல வந்த பெரியவர் பினோத் பிகாரி முகர்ஜி. வங்கத்தில் பிறந்து, சாந்திநிகேதனத்தில் வளர்ந்து, அங்கேயே ஓவியம் பயின்று, அங்கேயே ஓவியம் பயிற்றுவித்தவர். ஐம்பது வயதைக் கடந்த சில ஆண்டுகளில் கண்பார்வையை அடியோடு இழந்தவர். இழந்த பின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் படைத்துக்கொண்டே இருந்தவர். கண்ணில்லாத கவிஞரை நாம் அறிவோம். அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் பெயர் நமக்குப் புதியதன்று. ஒருவர் கண்ணிழந்தும் மற்றவர் கால் விளங்காமலும் இருந்து, ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஊர் ஊராகச் சென்று பாடிய இரட்டைப்புலவர் கதையைப் பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். கண்ணில்லாத பாடகர்களைக் கோயில் வாசலிலும் இரயில் வண்டியிலும் கண்டிருக்கிறோம். செவியும் நாவும் இருந்தால் பாட்டு வந்துவிடும். ஆனால் ஓவியம் என்பது கண்ணுக்காகவே கண்ணாலேயே செய்யப்படுவது அன்றோ? கண்ணை இழந்த ஓவியர் என்ன செய்வார்? இக்கேள்விக்கு வாழ்ந்து விடை சொன்னவர் அவர்.

பினோத் பிகாரி 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் கல்கத்தாவை அடுத்த பேஹாலாவில் பிறந்தார். பிறவியிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொரு கண்ணிலும் கடுமையான கிட்டப்பார்வை. புத்தகத்தை முகத்தோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டால்தான் எழுத்துத் தெரியும். கரும்பலகையில் ஆசிரியர் எழுதுவது அவருக்கு வெறும் வெண்புகை. இத்தகைய பிள்ளையைச் சாதாரணப் பள்ளியில் சேர்த்து என்ன பயன்? ஒழுங்கான பள்ளிப்படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. வீட்டிலிருந்தபடியே கிடைத்ததைப் படித்தும் கிறுக்கியும் காலம் கழிந்தது.

1917இல், பதின்மூன்றாம் வயதில், அவர் சாந்திநிகேதனத்திலிருந்த இரவீந்திரநாத தாகூரின் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். மரத்தடியில் வகுப்பு நடக்கும் பள்ளி அது. அங்கே கரும்பலகையைக் காட்டிலும் காற்றும் வெயிலும் பெரிய ஆசிரியர்கள். 1919இல் அங்கே கலாபவனம் என்னும் கலைப்பள்ளி தோன்றியது. அதன் முதல் மாணவர் கூட்டத்தில் பினோத் பிகாரியும் ஒருவர் ஆனார். ஆசிரியர் நந்தலால் போஸ்.

இவ்விடத்தில் ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். பார்வை இவ்வளவு குறைந்த சிறுவன் ஓவியம் கற்றுக்கொண்டு என்ன செய்வான் என்ற கவலை நந்தலாலுக்கு எழுந்தது. அது நியாயமான கவலையே. அவர் அதைத் தாகூரிடம் சொன்னார். கவியரசர் கண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பையன் நாள்தோறும் ஒழுங்காக வந்து உட்காருகிறானா, மனம் வைத்து வேலை செய்கிறானா என்று மட்டுமே கேட்டார். ஆம் என்று விடை வந்ததும், அப்படியானால் அவன் வழியை அவனே தேடிக்கொள்ளட்டும், விட்டுவிடுங்கள் என்ற பொருளில் சொல்லிவிட்டார். ஒரு வாழ்க்கையின் கதவு எவ்வளவு மெல்லிய கீலில் தொங்குகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அன்று கண் மருத்துவரின் சான்றிதழைக் கேட்டிருந்தால், இந்தியக் கலை வரலாற்றில் ஓர் ஏடு குறைந்திருக்கும்.

அக்காலத்தில் வங்க ஓவியர்கள் பலர் புராணக் கதைகளையும் அரசர்களையும் தேவியரையும் வரைந்துகொண்டிருந்தார்கள். பினோத் பிகாரி அந்த வழியில் மிகுதியாகச் செல்லவில்லை. பீர்பூம் மாவட்டத்தின் செம்மண் வெளியை வரைந்தார். மழைநீர் அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாய்க் கிடக்கும் நிலத்தை அங்கே கோவாய் என்பார்கள். மரம் ஒன்று தனியே நிற்கும், அதற்கப்பால் வெட்டவெளி, அதற்கப்பால் வானம். அந்தத் தனிமை அவருடைய தனிமையும் ஆகும் என்று எனக்குத் தோன்றுகிறது. சீனரும் சப்பானியரும் செய்வதுபோல், சுருட்டி வைத்துச் சிறிது சிறிதாக விரித்துப் பார்க்கும் நீண்ட தாள்சுருள்களிலும் அவர் இந்த நிலத்தை வரைந்தார். ஒரே பார்வையில் முழுவதையும் காண இயலாதவருக்கு, பகுதி பகுதியாக விரியும் ஓவியம் பிடித்துப்போனதில் வியப்பென்ன?

1925இல் அவர் கலாபவனத்திலேயே ஆசிரியரானார். மாணவர்கள் அவரைப் பினோத்தா என்று அண்ணன் முறை வைத்து அழைத்தார்கள். அடுத்த கால் நூற்றாண்டுக் காலம் பெரும்பாலும் அங்கேதான் கழிந்தது. 1937-38இல் சப்பான் நாட்டுக்குச் சென்று அந்நாட்டுப் பழைய ஓவியங்களை நேரில் பயின்று திரும்பினார். அவருடைய வகுப்பிலிருந்து வந்தவர்களில் ஒருவர், 1940இலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே பயின்ற சத்யஜித் ராய். பின்னாளில் உலகம் போற்றிய திரைப்படங்களை எடுத்த அதே ராய்தான்.

மற்றொருவர் நமக்கு இன்னும் நெருங்கியவர். கே. ஜி. சுப்பிரமணியன் 1924இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்றவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றதனால் அரசாங்கக் கல்லூரிகளின் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது. அடைபட்ட கதவு அவரைச் சாந்திநிகேதனத்தின் பக்கம் திருப்பியது. 1944இல் அங்கே சேர்ந்து, பினோத் பிகாரியின் மாணவரானார். இவரைப் பற்றிப் பின்னரும் சொல்ல நேரும்.

இனி அந்தச் சுவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

1940இல் கலாபவன விடுதியின் கூரையின் உட்புறத்தில் ஒரு பெரும் ஓவியம் தீட்டினார். நடுவில் ஒரு குளம். அதனைச் சுற்றிலும் வீடுகள், மரங்கள், மாடுகள், மனிதர்கள். எத்திசையில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஒரு பக்கம் நேராகத் தெரியும். மறுபக்கம் தலைகீழாய்த் தெரியும். ஊர் என்பது அப்படித்தானே இருக்கிறது? 1942இல் சீனபவனத்தில் மாணவர் வாழ்க்கையைச் சுவரோவியம் ஆக்கினார். இவற்றுக்கெல்லாம் மகுடம் போன்றது 1946-47இல் இந்திபவனத்தில் அவர் எழுதிய, இடைக்கால அடியார்களின் ஓவியம். அறையின் மூன்று சுவர்களில் மேற்பகுதி முழுவதையும் அது தழுவிக்கொண்டு செல்கிறது.

சென்ற மார்கழி விடுமுறையில் நானும் விடுதித் தோழர்கள் இருவரும் போல்பூர் நிலையத்தில் இறங்கி, இசைவு பெற்று, அந்த அறைக்குள் சென்றோம். 2023இல் சாந்திநிகேதனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது என்ற செய்தியே எங்களை அங்கே இழுத்தது. கூட்டமில்லாத காலை. உள்ளே நுழைந்ததும் கழுத்தை உயர்த்திப் பார்த்தேன். நெடிது உயர்ந்த அடியார்கள், அவர்களுக்கிடையே சிறிய சிறிய மனிதர்கள். நடப்பவர், சுமப்பவர், நூல் நூற்பவர், குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர். அடியார் யார், ஊரார் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாரும் ஓர் ஆற்று வெள்ளம்போல் சேர்ந்து செல்கிறார்கள். கபீரும் சூர்தாசரும் துளசிதாசரும் குரு கோவிந்த சிங்கும் அக்கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களோடு நம் இராமானுசரும் இருக்கிறார்!

நண்பர்களே, தாய்நாட்டிலிருந்து ஆயிரம் கல் தொலைவில், வங்கத்துச் சிற்றூர் ஒன்றின் சுவரில், திருப்பெரும்பூதூரில் பிறந்த ஒருவரைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்? மறைத்து வைக்கவேண்டும் என்று ஆசான் விதித்த மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லார்க்கும் சொன்னவர் என்று வைணவ மரபு கூறும் பெருமான் அவர். கட்டை அவிழ்த்து உறவைப் பெருக்கியவர். அந்தச் சுவரில் அவருக்கு இடம் கிடைத்தது பொருத்தமே.

அந்த ஓவியம் எழுதப்பட்ட முறையைக் கேட்டால் உங்களுக்கு இன்னும் வியப்பு மிகும். இங்கே வேதியியல் மாணவன் சற்றே தலைநீட்ட அனுமதி தாருங்கள். இது ஈரச் சுண்ணத்தின்மேல் எழுதும் ஓவியம். சுவரில் சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, அது காய்வதற்கு முன்பே, நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டவேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கிக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாக இறுகும். கால்சியம் ஹைட்ராக்சைடு கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது என்று நாம் பரிட்சையில் எழுதுவது இதுதான். இறுகும்போது வண்ணத் துகள்களைத் தனக்குள்ளே பூட்டிக்கொள்ளும். பசை வேண்டியதில்லை, சுவரே பசை. ஆனால் சாந்து காய்ந்துவிட்டால் வண்ணம் பிடிக்காது. ஆகவே அன்று எவ்வளவு எழுதி முடிக்க இயலுமோ அவ்வளவு சுவருக்கு மட்டும் அன்று காலையில் சாந்து பூசுவார்கள். தவறு செய்தால் செதுக்கி எடுத்துவிட்டு மறுபடி பூசவேண்டியதுதான்.

வழக்கமாக இத்தகைய பெரும் சுவரோவியத்துக்கு முன்னதாகவே முழு அளவில் தாளில் வரைந்து, அதனைச் சுவரில் ஒற்றி எடுப்பார்கள். பினோத் பிகாரி அப்படிச் செய்யவில்லை. சுவரின் மேலேயே நேராக எழுதினார். அவருடைய ஒற்றைக் கண்ணுக்கு எட்டியதோ முகத்துக்கு நேரே உள்ள சிறு பகுதி மட்டும். அன்றன்று பூசிய சாந்தின் அளவும் அவர் பார்வையின் அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன எனலாம். நேற்று எழுதியதை நினைவில் வைத்து, நாளை எழுதப்போவதை மனத்தில் வைத்து, இன்றைய துண்டை எழுதினார். கீழே நின்று பார்க்கும் நமக்கோ துண்டு எங்கே, தையல் எங்கே என்று தெரியவில்லை. முழுச் சுவரும் அவர் உள்ளத்தில் முன்பே இருந்தது. சுப்பிரமணியன், ஜிதேந்திர குமார், தேவகிநந்தன் சர்மா, லீலா ஆகியோர் உடன் நின்று உதவினார்கள். லீலா அவருடைய மாணவியாக இருந்து மனைவியானவர். மரச்சிற்பத்தில் தேர்ந்த கலைஞர்.

நாடு விடுதலை பெற்ற ஆண்டில் இச்சுவர் நிறைவுற்றது. அதன்பின் அவர் சாந்திநிகேதனத்தை விட்டுப் புறப்பட்டார். நேபாளத்தில் காட்மாண்டு அரும்பொருளகத்தில் சில காலம் பணி. பிறகு இராசத்தானத்து வனஸ்தலி வித்யாபீடத்தில் ஆசிரியப் பணி. பிறகு மனைவியோடு சேர்ந்து முசூரி மலையில் ஒரு சிறு கலைப் பயிற்சிப் பள்ளி. 1949இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மிருணாளினி என்று பெயரிட்டார்கள்.

எஞ்சியிருந்த ஒரு கண்ணிலும் புரை படர்ந்தது. 1956-57 வாக்கில் தில்லியில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். அது பலிக்கவில்லை. இருந்த சிறிதளவு ஒளியும் போயிற்று. அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்குமேல் இரண்டு மூன்றுதான். மகள் பள்ளிச் சிறுமி.

எழுதுகோலை இவ்விடத்தில் சற்று நிறுத்தி எண்ணிப் பார்த்தேன். பிறவியிலேயே காணாதவருக்கு நிறம் என்பது கேள்விப்பட்ட செய்தி. இவருக்கோ செம்மண்ணின் சிவப்பும் பலாச மலரின் தழலும் ஐம்பது ஆண்டுகளாக நெஞ்சில் சேர்ந்து கிடந்தன. சேர்த்தவற்றை எடுத்துச் செலவிட வழி மட்டும் அடைபட்டது. மற்றொருவர் ஆயின் மூலையில் உட்கார்ந்து பழம்பெருமை பேசியிருப்பார். உலகமும் அவரைக் குறை சொல்லியிருக்காது.

அவர் அப்படி உட்காரவில்லை. முதலில் விரலை நம்பத் தொடங்கினார். மெழுகைக் கையில் எடுத்துப் பிசைந்து சிறு உருவங்கள் செய்தார். மெழுகு சொன்னபடி கேட்கும். தவறினால் மீண்டும் உருட்டிக்கொள்ளலாம். தாளை மடித்து மடித்து உருவம் காட்டினார். மடிப்பின் விளிம்பு கண்ணுக்கு மட்டுமன்று, விரலுக்கும் கோடுதான். பின்னர் கத்தரியை எடுத்தார். வண்ணத் தாள்களை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டிச் சித்திரங்கள் செய்தார். கொலாஜ் என்று இதனைக் கலையுலகில் சொல்கிறார்கள். ஒட்டுச் சித்திரம் என்று நாம் சொல்லலாம். வண்ணம் தடவிய பரப்பில் எது எங்கே முடிகிறது என்று விரல் அறியாது. வெட்டிய தாளின் ஓரத்தை விரல் அறியும். இதுவே அவர் கண்ட உபாயம். அமர்ந்திருக்கும் பெண்கள், விலங்குகள், மலர்கள், அருகருகே இரு மனிதர்கள் என எளிய உருவங்கள். விவரம் குறைவு, வேண்டாதது ஒன்றுமில்லை.

பிரெஞ்சு ஓவியர் மாத்திஸ் முதுமையில் நோயுற்று, சக்கர நாற்காலியில் இருந்தபடி வண்ணத்தாளை வெட்டிப் படைத்தார் என்பது உலகறிந்த செய்தி. 1954இல் அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள் இந்தியாவில் இவர் கத்தரியைக் கையில் எடுத்தார். ஒப்பிடத் தோன்றும். ஆனால் மாத்திஸுக்குக் கண் இருந்தது, கால்தான் ஒத்துழைக்கவில்லை. வெட்டிய தாளைச் சுவரில் பொருத்தச் செய்து, தள்ளியிருந்து பார்த்து, மாற்றச் சொல்ல அவரால் இயன்றது. இவருக்குத் தள்ளியிருந்து பார்த்தல் என்பதே இல்லை. தாள் சிவப்பா நீலமா என்பதைக்கூடப் பக்கத்தில் இருப்பவர் சொல்லவேண்டும். சொன்னதைக் கேட்டு, சிவப்புக்குப் பக்கத்தில் எது நிற்கும் என்று உள்ளத்துக்குள் கண்டு, இடம் குறித்து ஒட்டவேண்டும். தன் கலையில் பாதியை இன்னொருவர் நாவில் நம்பி ஒப்படைக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

1958இல் அவர் கலாபவனத்துக்கே திரும்பினார். இம்முறை கலை வரலாறும் கலைக் கொள்கையும் கற்பிக்கும் ஆசிரியராக. உலக ஓவியங்களின் வரலாற்றை ஒரு படத்தையும் காணாமல், நினைவிலிருந்தே எடுத்துச் சொன்னார். பின்னர் அப்பள்ளியின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது. எந்தப் பையனுக்குக் கண் போதாது என்று ஒரு நாள் ஐயம் எழுந்ததோ, அந்தப் பையன் கண்ணே இல்லாதபோது அதே பள்ளியைத் தாங்கினான்!

1972இல், அறுபத்தெட்டாம் வயதில், கலாபவனச் சுவருக்காகச் சுட்ட மண் ஓடுகளால் ஆன பெரியதோர் ஓவியத்தைப் படைத்தார். தாளில் தாம் வெட்டிய உருவங்களை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மாணவர்களின் கை உதவியோடு அது உருவாயிற்று. அந்த ஆண்டிலேயே பழைய மாணவர் சத்யஜித் ராய் வந்து, ஆசிரியரைப் பற்றி இருபது நிமிடம் ஓடும் ஆவணப்படம் ஒன்றை எடுத்தார். அகக்கண் என்பது அதன் பெயரின் பொருள். ராய் அதில் இரக்கத்தைத் தூண்ட முயலவில்லை. ஒரு மனிதர் தேநீர் அருந்துவதையும், ஓடுகளைத் தடவிப் பார்ப்பதையும், தாளில் விரலோட்டி வரைவதையும் அமைதியாகக் காட்டுகிறார். பார்த்து முடித்தபோது அவருக்காக நாம் வருந்தவில்லை; நம்மை நாமே சற்று ஐயத்தோடு பார்த்துக்கொள்கிறோம்.

கண்ணிழந்த காலத்தில் அவர் எழுத்தாளரும் ஆனார். சொல்லச் சொல்லப் பிறர் எழுதிக்கொண்டார்கள். வங்கமொழியில் அவ்வாறு பிறந்த நினைவுநூல் சித்ரகர். ஓவியன் என்பது பொருள். தம் குறையைப் பற்றி அழுகை இல்லாமலும் வீரவசனம் இல்லாமலும், ஓர் அறிவியலாளன் தன் ஆய்வைக் குறிப்பெடுப்பதுபோல் அவர் எழுதியிருக்கிறார். இருளை அவர் ஒரு முடிவாகக் கொள்ளவில்லை. தாம் புதிதாகக் குடியேறிய ஊராகக் கொண்டு, அதன் தெருக்களைக் கற்றுக்கொண்டார். இந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் யார் தெரியுமா? முன்பு சொன்ன சுப்பிரமணியனே. சாரத்தின்மேல் நின்று ஆசிரியருக்குக் கைகொடுத்த மாணவர், அறுபது ஆண்டுகள் கழித்து ஆசிரியரின் சொல்லுக்கும் கைகொடுத்தார்.

1974இல் பத்ம விபூஷண், 1977இல் விசுவபாரதியின் தேசிகோத்தமர் பட்டம் ஆகிய சிறப்புகள் வந்தன. 1980 நவம்பரில் அவர் மறைந்தார்.

மகள் மிருணாளினியின் கதையையும் ஒரு சொல்லில் சேர்த்துவிடுகிறேன். அவர் பரோடாவில் கலை பயின்றார். அங்கே ஆசிரியராக இருந்தவர் சுப்பிரமணியன். தந்தையிடம் கற்றவர் மகளுக்குக் கற்பித்தார். மிருணாளினி சணற்கயிற்றை எடுத்து, முடிச்சின்மேல் முடிச்சாகக் கட்டிக் கட்டி, ஆள் உயரத்துக்கும் மேலான சிற்பங்கள் செய்தார். 2015இல் அவர் மறைந்தபின், 2019இல் நியூயார்க் நகரின் மெட்ரோபாலிடன் அரும்பொருளகம் அவருடைய படைப்புகளுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது. தந்தை தாளை ஒட்டினார். மகள் கயிற்றை முடிந்தார். தமிழில் கட்டு என்ற சொல்லுக்குத் தளை என்றும் பொருள் உண்டு, பிணைப்பு என்றும் பொருள் உண்டு. இந்தக் குடும்பத்தின் கலையை எண்ணும்போதெல்லாம் அந்த ஒரு சொல்லே எனக்கு நினைவுக்கு வருகிறது.

இனி என் கதை. சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டும் அல்லவா?

என் ஊர் சென்னிமலை. கைத்தறி நூலுக்குச் சாயம் ஏற்றும் சிறு பட்டறை ஒன்றை அப்பா நடத்துகிறார். சிறுவயதில் ஒரு சிட்டம் எடுத்துவரச் சொன்னால் பச்சைக்குப் பதில் பழுப்பை எடுத்துக்கொண்டு போவேன். கவனமில்லாத பிள்ளை என்று திட்டு விழும். கவனம் இல்லை என்றே நானும் நம்பிவிட்டேன். சாயத்தின் நுட்பத்தைப் படித்துத் தெரிந்துகொண்டு வருவான் என்ற ஆசையில்தான் அப்பா என்னை வேதியியலில் சேர்த்தார். ஊரில் கல்லூரிக் காலம் முழுவதும் தரம்பார்த்தல் சோதனையின்போது பக்கத்தில் ஒரு தோழன் இருந்தான். மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறும் நொடியில் அவன் இலேசாக மேசையைத் தட்டுவான். அவ்வளவுதான். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

சென்ற ஆண்டு ஒரு வேலைக்குத் தேர்வாகி மருத்துவச் சோதனைக்குப் போனேன். வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டைகளைக் காட்டி, அவற்றில் உள்ள எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். எனக்கு எண் தெரியவில்லை, புள்ளிகள்தாம் தெரிந்தன. சிவப்பையும் பச்சையையும் சரிவரப் பிரித்தறிய இயலாத குறை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு இடம் நிரம்பிவிட்டது என்று பொய் எழுதினேன். இங்கு வந்து சேர்ந்த முதல் பருவத்தில் மேசை தட்டும் தோழன் இல்லை. பக்கத்து மேசைக்காரரின் அளவைப் பார்த்து எழுதிக்கொண்டேன். அறிவியல் மாணவன் செய்யக்கூடாத காரியம் அதைவிட வேறொன்றில்லை என்பதை நான் அறிவேன். அறிந்தே செய்தேன்.

இந்த நிலையில்தான் அந்தச் சுவரின் கீழே போய் நின்றேன். என் குறை எங்கே, அவர் இழப்பு எங்கே? மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. அணுக்கொள்கை தந்த ஜான் டால்ட்டனுக்கே இக்குறை இருந்தது. அவர் அதனை மறைக்கவில்லை. 1794இல் மான்செஸ்டர் நகர அறிஞர் அவையில் அதைப் பற்றியே கட்டுரை படித்தார். இவற்றையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன். படித்தது பயன்படவில்லை. ஆனால் தாள் என்ன நிறம் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக் கேட்டு ஒட்டிய ஒரு பெரிய ஓவியரை எண்ணியபோது, கேட்பதற்கு வெட்கப்பட்டுப் பொய் எழுதிய என் கை எனக்கே கூசியது.

திரும்பி வந்து என் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பார்த்தெழுதிய சோதனைகளைத் திரும்பச் செய்யும்படி பணித்தார். அது தண்டனை என்று நான் எண்ணவில்லை. இப்போது நிறங்காட்டிக்குப் பதிலாக pஎச் மானியை வைத்து, எண் ஏறுவதைக் குறித்து வரைபடம் போட்டு முடிவு நிலையைக் காண்கிறேன். மானி இல்லாத இடத்தில், உடன் பயிலும் ஒடியா நண்பர் ஒருவர் நிறம் மாறும்போது சொல்கிறார். அவர் பார்த்துச் சொன்னது என்பதையும் ஏட்டில் எழுதிவிடுகிறேன். சில வேலைகளின் கதவு எனக்கு இனியும் திறக்காது. அதையும் நான் மறக்கவில்லை.

ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கும் நம்மில் ஒவ்வொருவரிடமும் சொல்லாமல் மூடி வைத்த ஏதோ ஒன்று இருக்கக்கூடும். மொழி புரியாதது, கட்டணம் கட்ட இயலாதது, பாடம் ஏறாதது என ஏதோ ஒன்று. மன்றம் என்று ஒன்று வைத்திருப்பது பொங்கல் வைப்பதற்கு மட்டும்தானா? பக்கத்தில் இருப்பவர் மேசையைத் தட்டுவதற்கும்தான். ஆனால் முதலில் நாம் கேட்கவேண்டும்.

இம்மலர் அச்சாகி வந்ததும் ஒரு படியைச் சென்னிமலைக்கு அனுப்பப்போகிறேன். அப்பா பட்டறை வாசலில் அமர்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி முழுவதையும் படிப்பார். அந்தப் பழுப்புச் சிட்டம் அப்போது அவர் நினைவுக்கு வரும்.